ரெண்டு லட்சம் ஓடின இன்ஜினும் ஐநூறு ரூபா பாட்டிலும்

பழைய கார், வேன் வெச்சிருக்கிற வீடுகள்ல என்னைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆயில் மாத்தப் போற இடத்துல ஒருத்தர் ஒரு சின்ன டப்பாவைக் கையில எடுத்துக் காட்டி, "இதை ஊத்தி பத்து நிமிஷம் ஓட விட்டா உள்ள இருக்கிற அழுக்கு மொத்தமும் வந்துடும், இன்ஜின் புதுசாயிடும்"னு சொல்வார். விலை நானூறு, ஐநூறு இருக்கும். ஊத்தலாமா, வேண்டாமா?

கேள்வி சின்னதுதான். ஆனா பதில் தப்பாப் போனா ஐநூறோட போகாது. எங்க வீட்டுல இதைப் பத்தி ஒரு வாரம் பேச்சு ஓடுச்சு. அந்த வாரத்துல நான் தேடிப் படிச்சதையும், எங்க வேன்ல கண்ணால பார்த்ததையும் சேர்த்து எழுதுறேன். நான் படிக்கிறது வேதியியல், மெக்கானிக்கல் இல்ல. அதனால மெக்கானிக்கல் நண்பர்கள் எங்கயாவது திருத்தணும்னா தாராளமா திருத்தலாம்.

எங்க வண்டி 2008 மாடல் மாருதி ஆம்னி. 796 சி.சி., மூணு சிலிண்டர் பெட்ரோல். ஊட்டில எங்க அப்பா சின்னதா வர்க்கி அடுப்பு வெச்சிருக்கார். விடியக்காலை அடுப்புல இருந்து எறங்குற வர்க்கியையும் பன்னையும் டீக்கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுறது இந்த ஆம்னிதான். வாங்கும்போதே 1,20,000 கி.மீ. ஓடினது. இப்ப 2,14,000. வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வர்க்கி நிக்கும். வர்க்கி நின்னா கடைக்காரர் அடுத்த ஆள்கிட்ட வாங்கிடுவார். போன கடை திரும்பி வர்றது சுலபமில்ல.

அந்த ஆம்னில சூடான பிறகு ஐடில்ல நிக்கும்போது ஆயில் லைட்டு லேசா மினுக்க ஆரம்பிச்சுது. அங்கதான் பாட்டில் பேச்சு வந்துச்சு.

அழுக்கு எங்க இருந்து வருது?

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். எல்லா இன்ஜின்லயும் ஒரே அழுக்கு சேர்றதில்ல.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். நம்ப கஷ்டமா இருக்கும், ஆனா கணக்கு நேரானது. பெட்ரோல்ல இருக்கிற ஹைட்ரஜன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்தா தண்ணிதானே வரணும்? அதுல பெரும்பகுதி ஆவியா சைலன்சர் வழியாப் போயிடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கீழ எறங்கி ஆயில்ல கலக்கும். இன்ஜின் நல்லா சூடாகி அரை மணி, முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓடினா இந்த ஈரம் ஆவியாகி வெளியேறிடும். சூடாகறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டா ஆயில்லயே தங்கிடும்.

இப்ப எங்க ஊரை நினைச்சுப் பாருங்க. கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரில விடியக்காலைல புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அந்த நேரத்துல வண்டியை எடுத்து, மார்க்கெட்டுல ஒரு கடை, சேரிங்கிராஸ்ல ரெண்டு கடை, ஃபிங்கர்போஸ்ட்ல ஒண்ணுன்னு அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டறது. கடைக்காரர் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிற வரைக்கும் இன்ஜின் ஆறும். குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது பெட்ரோலும் கூடுதலாப் போகும். அதுல எரியாத மிச்சமும் ஆயில்லதான் எறங்கும்.

தண்ணி, எரியாத பெட்ரோல், கரித்தூள், ஆக்சிஜனால கெட்டுப்போன ஆயில்.. இந்த நாலும் கூடினா வர்றதுதான் ஸ்லட்ஜ். ஆயில் மூடியைத் திறந்தா அடியில மயோனைஸ் மாதிரி வெளிர் மஞ்சள்ல ஒட்டிட்டு இருக்குமே, அது இதோட ஆரம்பம். அது மட்டும் இருந்தா பயப்பட வேண்டியதில்ல. ஒரு தடவை மேட்டுப்பாளையம் எறங்கி ஏறி வந்தா பெரும்பாலும் மறைஞ்சிடும். (கூலன்ட்டும் குறையுதுன்னா அது வேற வியாதி, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கணும்.) கருப்பா, தார் மாதிரி டேப்பெட் கவருக்கு அடியில படிஞ்சிருந்தா அதுதான் நிஜமான தலைவலி.

வெயில் ஊர்ல ஓடுற டாக்சிக்குப் பிரச்சினை வேற மாதிரி. அங்க ஈரம் நிக்காது. சூட்டுல ஆயில் வெந்து பழுப்பா வார்னிஷ் மாதிரி ஒட்டும்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாத்தக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். எங்க வண்டி நாளைக்கு 25 கி.மீ.தான் ஓடும். "இன்னும் பத்தாயிரம் ஆகலையே"ன்னு உக்கார்ந்திருந்தா ஒரு வருஷத்துக்கு மேல ஓடிடும். அந்தப் பத்தாயிரமும் கெட்ட பத்தாயிரம்.

பாட்டில்ல என்ன இருக்கு?

இன்ஜின் ஃப்ளஷ்னு விக்கிறதுல பெரும்பாலும் ரெண்டு சமாச்சாரம் இருக்கும். ஒண்ணு, மண்ணெண்ணெய் வகையறாவைச் சேர்ந்த மெல்லிய கரைப்பான். இன்னொண்ணு, இன்ஜின் ஆயில்லயே இருக்கிற மாதிரியான டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட், கொஞ்சம் கூடுதல் அளவுல. பழைய ஆயிலை வடிக்கறதுக்கு முன்னாடி இதை ஊத்தி, அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம் வரைக்கும் ஐடில்ல மட்டும் ஓட விட்டு, சூட்டோட வடிச்சு, ஃபில்டரையும் மாத்தணும். டப்பா மேலயே இதைத்தான் போட்டிருக்கும்.

பிளஸ் டூ வேதியியல்ல படிச்ச அதே விதிதான், ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். ஆயில் பிசுக்கு தண்ணில போகாது, மண்ணெண்ணெய்ல போகும். அதனால மெல்லிசா, புதுசாப் படிஞ்ச பிசுக்கை ஃப்ளஷ் நிஜமாவே கரைக்கும். அது பொய் இல்ல.

சிக்கல் என்னன்னா, வருஷக்கணக்கா வெந்து இறுகினது பிசுக்கே இல்ல. அது ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்ட பாலிமர். அது கரையாது, பெயர்ந்து வரும். இதை அப்பாவுக்கு விளக்கப் போனேன். அவர் ஒரே வரில முடிச்சுட்டார்: "வர்க்கி தட்டுல கரி புடிக்குமே, அது சோப்புல போகாது, சுரண்டினா செதிலாத்தான் வரும், அப்படித்தானே?" அப்படியேதான்.

அந்தச் செதில் எங்க போகும்? இதுதான் இந்தக் கதைல முக்கியமான கேள்வி.

ஸ்ட்ரெய்னர்

இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற தட்டு சம்ப். அதுக்குள்ள ஒரு குழாய் முங்கி இருக்கும், அதோட வாயில ஒரு வலை. அதுதான் ஸ்ட்ரெய்னர். ஆயில் பம்ப் அதன் வழியாத்தான் உறிஞ்சும். அங்க இருந்து ஃபில்டர், அப்புறம் கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட்.

ஃபில்டர் அடைச்சா அதுக்குள்ள பைபாஸ் வால்வு இருக்கு. சுத்தம் பண்ணாத ஆயிலாவது போகும். ஸ்ட்ரெய்னர் அடைச்சா பல இன்ஜின்கள்ல மாத்து வழி கிடையாது. ஆயில் வராது. பேரிங்ல ஆயில் படலம் இல்லைன்னா இரும்பு இரும்பை உரசும். சில நிமிஷத்துல கதை முடிஞ்சிடும்.

அதாவது, ஃப்ளஷ் வேலை செய்யலைன்னா நஷ்டம் ஐநூறு ரூபா. பாதி வேலை செஞ்சாத்தான் ஆபத்து. அழுக்கைப் பெயர்த்துட்டு, கரைக்காம விட்டா அந்தச் செதில் எல்லாம் சம்புக்குத்தான் எறங்கும். வடிக்கிற ஓட்டை வழியாப் பெரிய துண்டு எல்லாம் வந்துடாது. புது ஆயில் ஊத்தின பிறகு ஒவ்வொண்ணா வலையில போய் ஒட்டும். "ஃப்ளஷ் பண்ணி ஒரு மாசத்துல இன்ஜின் போச்சு"ன்னு சொல்றவங்க கதைகள்ல பலதுக்கு இதுதான் காரணமா இருக்கும்.

இன்னொரு விஷயம். வடிச்ச பிறகும் கொஞ்சம் திரவம் உள்ளேயே தங்கும். மெல்லிய கரைப்பான் புது ஆயில்ல கலந்தா அதோட தடிமன் குறையும். ஃப்ளஷ் ஊத்தின நிலையில ஆக்சிலேட்டரைக் கொடுக்காதே, ஓட்டாதேன்னு சொல்றதும் இந்தத் தடிமன் விஷயத்தாலதான். நம்ம ஊர்ல சில இடத்துல டப்பாவுக்குப் பதிலா அரை லிட்டர், ஒரு லிட்டர் டீசலையே ஊத்தி ஓட விடுவாங்க. அதுல தேய்மானத்தைத் தடுக்கிற சரக்கு எதுவும் கிடையாது. டப்பாவாவது அளவு பார்த்துச் செஞ்சது. டீசல் வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"அழுக்குதான் பழைய இன்ஜினைப் பிடிச்சு வெச்சிருக்கு, எடுத்தா லீக் ஆகும்"னு ஒரு பேச்சு உண்டு. இது பாதி உண்மை. ரப்பர் சீல் வருஷம் ஆக ஆக இறுகி வெடிச்சிருக்கும். அந்த வெடிப்பை அழுக்கு அடைச்சிட்டு இருந்தா, அழுக்கு போனதும் சொட்டும். அந்த லீக்கை ஃப்ளஷ் உண்டாக்கல, காட்டிக் கொடுத்துது. ஆனா காசு கொடுக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ரெண்டு மெக்கானிக், ரெண்டு பேச்சு

ஆயில் லைட்டு மினுக்கினதும் அப்பா முதல்ல போனது பெட்ரோல் பங்க் பக்கத்துல புதுசா வந்த ஒர்க்‌ஷாப். அங்க இருந்த தம்பி, "அண்ணே, உள்ள ஸ்லட்ஜ் அடைச்சிருக்கு, ஃப்ளஷ் பண்ணி கெட்டி ஆயிலா ஊத்திடலாம், மூவாயிரத்துல முடிஞ்சிடும்"னார். அப்பாவுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு மணி நேர வேலை, மறுநாள் லைன் கெடாது.

இன்னொருத்தர் எங்க வண்டியை வருஷக்கணக்காப் பார்க்கிற பாய். அவர் கேட்டது ஒரே கேள்வி. "லைட்டு எதுக்கு எரியுதுன்னு பார்த்தீங்களா?"

அந்தக் கேள்விக்குள்ள நாலு பதில் இருக்கு. ஆயில் அளவு குறைஞ்சிருக்கலாம். லைட்டு சுவிட்சே கெட்டிருக்கலாம். பேரிங் தேய்ஞ்சு இடைவெளி அதிகமாகியிருக்கலாம். ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கலாம். நாலுல ஒண்ணுக்குக்கூட ஃப்ளஷ் மருந்து இல்ல. முதல் மூணுக்கு அது வீண். நாலாவதுக்கு அது விஷம்.

பாய் அந்த சுவிட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டைல பிரஷர் கேஜ் மாட்டினார். சூடான இன்ஜின், ஐடில்ல ஊசி கீழயே ஆடுச்சு. ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் ஏறுச்சு. ஆனா அப்படியே பிடிச்சு வெச்சிருந்தா ஏறின ஊசி மெதுவா எறங்க ஆரம்பிச்சுது. "பேரிங் மட்டும்னா ரேஸ் பண்ணும்போது நிக்கணும். எறங்குதுன்னா உறிஞ்ச ஆயில் கிடைக்கல, கீழ அடைப்பு"ன்னார் பாய். ஸ்ட்ரா அடைச்ச இளநியை வேகமா உறிஞ்சினா என்ன ஆகுமோ அதுதான்.

சம்பைக் கழட்டினா ஒரு நாள் வண்டி நிக்கும். அப்பா கணக்குப் போட்டார். ஃப்ளஷ் பண்ணினா மூவாயிரம், லைன் கெடாது. சம்பைக் கழட்டினா கூலி 1,800, கேஸ்கெட் 250, ஆயில், ஃபில்டர் 1,400, கூடவே ஒரு நாளைக்கு வாடகை ஆட்டோ. இன்ஜின் போச்சுன்னா 35,000. கடைசி நம்பரைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "கழட்டுங்க பாய்"னார். முடிவு அவரோடது. நான் கூட இருந்தேன், அவ்ளோதான்.

சம்பு எறங்கினதும் அடியில கருப்பா வழுவழுன்னு ஒரு விரல் கனம் படிவு. ஸ்ட்ரெய்னர் வலையில பாதிக்கு மேல மூடி இருந்துது. அதுல கருப்புச் செதில் கொஞ்சம்தான். மீதி என்ன தெரியுமா? சிவப்பா, ரப்பர் மாதிரி சின்னச் சின்னத் துணுக்கு. யாரோ எப்பவோ, ஒருவேளை நாங்க வாங்கறதுக்கு முன்னாடி, சம்பைப் பூட்டும்போது சிலிக்கான் பேஸ்டை அள்ளிப் பூசியிருக்காங்க. உள்பக்கம் பிதுங்கினது காஞ்சு உதிர்ந்து வலையில வந்து சேர்ந்திருக்கு.

இறுகின சிலிக்கானைப் பத்து நிமிஷத்துல கரைக்கிற ஃப்ளஷ் எதுவும் கிடையாது. எங்க வண்டில அந்தப் பாட்டிலை ஊத்தியிருந்தா, மிச்சம் இருந்த பாதி வலையையும் மேல இருந்து எறங்குற செதில் மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

பாய் வலையை மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டுக் கழுவி, சம்பைச் சுரண்டித் துடைச்சு, பேஸ்டை ஒரு நூல் கனத்துக்கு மட்டும் பூசி மாட்டினார். லைட்டு மினுக்கறது நின்னுடுச்சு.

மெதுவாக் கழுவறது

மேல டேப்பெட் கவர் பக்கம் இன்னும் படிவு இருக்கு. அதை என்ன பண்றது? இதுக்கு பாய் சொன்ன வைத்தியமும் வேதியியல் புத்தகமும் ஒத்துப் போகுது.

இன்ஜின் ஆயில்லயே கால்சியம், மெக்னீசியம் கலந்த டிடர்ஜென்ட் இருக்கு. அமிலத்தை முறிச்சு, படிவு சேராமப் பார்த்துக்கிறது அது. சக்சினிமைடுன்னு ஒரு டிஸ்பர்சன்ட் இருக்கு. கரித்தூள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கட்டியாகாம தனித்தனியா மிதக்க வைக்கிறது அது. புது ஆயில் சீக்கிரம் கருப்பாகறது கெட்ட சகுனம் இல்ல, ஆயில் அழுக்கைச் சுமக்குதுன்னு அர்த்தம். சுமந்ததை வெளிய கொண்டு போக வேண்டியது நம்ம வேலை.

அதனால நல்ல ஆயிலா ஊத்தி (2020-ல வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரமோ, அதுக்கு முந்தினதோ, கம்பெனி சொன்ன தடிமன்ல) சீக்கிரம் சீக்கிரமா மாத்தறது. நாங்க முதல் தடவை 1,500 கி.மீ.ல மாத்தினோம், அடுத்தது 2,500-ல. ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் புதுசு. பழைய ஃபில்டரை பாய் அறுத்துக் காட்டுவார். முதல்ல மடிப்பு முழுக்கக் கரி மணல். ரெண்டாவதுல பாதிகூட இல்ல. வர்ற அழுக்கு ஃபில்டருக்குத் தாங்குற அளவுல, தூளா வருது. செதிலா வரல.

செலவு? ஃப்ளஷ்ஷை விட ஜாஸ்திதான். மறைக்கல. ஆனா ரெண்டு ஆயில் மாத்தற செலவு 35,000-ல பத்துல ஒரு பங்குகூட இல்ல.

இன்ஜின் புதுசாகிடுச்சான்னா, இல்ல. காலைல ஸ்டார்ட் பண்ணினா இன்னும் ஒரு பொட்டு நீலப் புகை வருது. வால்வு சீல் இறுகிப் போச்சு. ஆயிரம் கி.மீ.க்குக் கால் லிட்டர் ஆயில் குடிக்குது. அது தேய்மானம். அழுக்குன்னா கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது.

அப்ப எல்லா டப்பாவும் ஏமாத்தா?

இல்ல. பெட்ரோல் டேங்குல ஊத்தற கிளீனர்ல பாலிஈதர்அமீன் கலந்தது இருக்கு. இன்ஜெக்டர்லயும், போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல வால்வு மேலயும் படியற கரியை அது நிஜமாவே குறைக்கும். ஆனா பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற புது ரக இன்ஜின்கள்ல இன்டேக் வால்வு மேல பெட்ரோலே படாது. அங்க டேங்குல எவ்வளவு ஊத்தினாலும் வால்வுக்குப் பலன் இல்ல. அதே மாதிரி, வரலாறு தெரிஞ்ச, ஒழுங்கா ஆயில் மாத்தின இன்ஜின்ல, லேசான வார்னிஷுக்கு நல்ல ஃப்ளஷ் கெடுதல் செய்யாது. வேடிக்கை என்னன்னா, அந்த இன்ஜினுக்கு அது பெருசாத் தேவையும் இல்ல.

டப்பா மேல எழுதியிருக்கிறதை எல்லாம் நம்பிடவும் வேண்டாம். அமெரிக்கால மத்திய வர்த்தக ஆணையம், இன்ஜின் ஆயில்ல கலக்கிற சேர்மானங்களை விக்கிறவங்க மேல வரிசையா நடவடிக்கை எடுத்திருக்கு. ஸ்லிக் 50 விஷயம் 1997-ல சமரசத்துல முடிஞ்சுது. சீமேக்ஸ் மேல 2001-ல வழக்கு, 2003-ல சமரசம். விளம்பரத்துல சொன்னதுக்கு ஆதாரம் போதலைங்கிறதுதான் குற்றச்சாட்டு. இவை தேய்மானத்தைக் குறைக்கும்னு வித்த சரக்கு, ஃப்ளஷ் இல்ல. ஆனா கடை ஷெல்ஃப் ஒண்ணுதான்.

ஸ்லட்ஜ் நம்ம ஊர் ஆம்னிக்கு மட்டும் வர்றதும் இல்ல. 1997-ல இருந்து 2002 வரைக்கும் வந்த டொயோட்டா, லெக்சஸ் இன்ஜின் சிலதுல இந்தப் புகார் வந்து, சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு அந்தக் கம்பெனி 2002-ல தனித் திட்டமே அறிவிச்சுது. அவ்வளவு பெரிய விஷயம் ஒரு டப்பால தீர்றதா இருந்தா ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்து முடிச்சிருப்பாங்களே!

கடைசியா, பழைய வண்டி வாங்கினவங்களுக்குச் சுருக்கமா:

1. ஆயில் மூடியைத் திறந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. தேன் நிறத்துல இருந்தா கவலை இல்ல. தார் மாதிரி இருந்தா ஃப்ளஷ் பக்கமே போகாதீங்க.

2. ஆயில் லைட்டு எரிஞ்சா ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. அப்புறம் கேஜ் போட்டுப் பிரஷர் பாருங்க. காரணம் தெரியாம எதையும் ஊத்த வேண்டாம்.

3. லைட்டை அணைக்கக் கெட்டி ஆயில் ஊத்தறது வியாதியை மறைக்கிறது. குளிர் ஊர்ல அது ஸ்டார்ட்டிங்ல இன்னும் கெடுதல்.

4. கம்மியா ஓடுற வண்டிக்குக் கிலோமீட்டர் பார்க்காதீங்க, மாசத்தைப் பாருங்க. எங்களுக்கு இப்ப ஆறு மாசம்.

5. வாரத்துல ஒரு நாளாவது முக்கால் மணி நேரம் நிக்காம ஓட்டுங்க.

அஞ்சாவதை எங்க அப்பா ரொம்ப சந்தோஷமா ஏத்துக்கிட்டார். இப்ப ஞாயித்துக்கிழமைல லைன் முடிஞ்சதும் வண்டியைக் குன்னூர் ரோட்டுல விட்டு எறக்கி ஏத்தறார். பெட்ரோல் செலவுன்னு அம்மா சண்டை போட்டாங்க. போன வாரத்துல இருந்து அவங்களும் முன் சீட்டுல ஏறிக்கிட்டாங்க.

உங்க வீட்டு வண்டி எவ்வளவு ஓடியிருக்கு? உள்ள என்ன இருந்துதுன்னு கழட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்.